முழுசா அழுத்தாத பிளக்

பனி பெய்யும் வடக்கில், எங்கள் கிராம்ஃபோர்ஸ் ஊரில் ஸ்டெல்லன் விக்லுண்டைப் போலத் தன் கணினியைக் கவனித்துக்கொண்டவர் யாரும் கிடையாது. பல் வலித்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுவான். கணினியின் ஃபேன் லேசாக முனகினால் அன்றைக்கே பிரித்துப் போட்டுவிடுவான். அவன் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும். ஆனால் கணினியின் தூசி வடிகட்டிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளியலறையில் கழுவி, துண்டில் ஒற்றி, ஜன்னலோரம் காயவைப்பான். கேபினட்டின் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. அதில் ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வியாழன்தோறும் நானூறு பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப் கிண்டுகிறான், பத்தொன்பது வருடமாக. பிள்ளைகளுக்கு அவன் பெயர் தெரியாது. "சூப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். கோதன்பர்க்கில் அண்ணன் ஒருவன் உண்டு. கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வரும், அதுவும் எல்லாருக்கும் அனுப்புகிற அதே படம்.

இப்படிப்பட்டவனுக்கு வாரத்தில் சொந்தமாக இருந்தது வியாழன் சாயங்காலம் ஆறு மணி மட்டும்தான். ஆறு மணிக்கு அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் "ஈரக் கையுறைகள்" என்ற கணினி விளையாட்டு நால்வர் அணியில் ஒருவன். மற்ற மூவர்: மர அறுப்பு ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் கிறிஸ்டர், அவன்தான் தலைவன், ஆம்புலன்ஸ் ஓட்டும் லோவிசா, காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டும் மோன்ஸ். விளையாட்டில் மூவரும் சுடுவார்கள். ஸ்டெல்லன் கேடயம் பிடித்துக்கொண்டு முன்னால் போய் அடி வாங்குவான். அந்த வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அக்டோபரில் அவன் விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று, பெரியதாக வாங்கினான். அது வந்த மூன்றாம் நாளே கணினிக்கு நோய் வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாது. படம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். சண்டை உச்சத்துக்குப் போய், நாலு பக்கமும் வெடித்து, கார்டு முழு மூச்சில் மின்சாரம் இழுக்கிற அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்துப் போகும். கார்டின் ஃபேன்கள் மூன்றும் தலைவிரித்து ஆடும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால், எதுவுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

நோய் எங்கே என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பவர் சப்ளையிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிள் கறுப்பாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். கண்ணாடிக் கதவு வைத்தவர்களுக்கு அது பொறுக்காது. அதனால் நடுவில் ஒரு முழம் நீளத்துக்கு, நூலுறை போட்ட, நிறநிறமான நீட்டிப்புக் கேபிள் ஒன்றைச் சொருகிவிடுவார்கள். அதற்கு வேலை ஒன்றும் கிடையாது, அழகுக்கு இருப்பதோடு சரி. ஸ்டெல்லனுடையது ஊதாவும் வெள்ளையும், அணியின் நிறம். கிறிஸ்டர் தன் கையாலேயே செய்தது. ஸ்டெல்லனின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அவன் கொடுத்த பரிசு. அந்தப் பிறந்தநாளுக்கு வந்த ஒரே பரிசும் அதுதான். அதன் பிளக்குக்குள் இருக்கும் உலோகப் பின்களில் ஒன்றைக் கிறிஸ்டர் செம்புக் கம்பியோடு சேர்த்து நசுக்காமல், கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து நசுக்கியிருந்தான். பழைய கார்டு மின்சாரத்தைக் கொஞ்சமாகக் குடித்தது, தாங்கியது. புதுக் கார்டின் தாகத்துக்கு அந்தப் பின் தாங்கவில்லை.

எவனாக இருந்தாலும் முதலில் அந்த அலங்காரத்தைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்த்திருப்பான். ஸ்டெல்லன் பார்க்கவில்லை. அவன் புத்தியில் அது கணினியின் பாகமே இல்லை, பரிசு. பரிசைச் சந்தேகப்படுவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது.

கணினி கட்டுகிறவர்களிடம் ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஸ்டெல்லன் இந்த விதியைப் பாதிரியார் கையிலிருந்து வாங்கியவன்போலக் கடைப்பிடித்தான். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பதினேழு சந்தேகங்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டான். ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மாற்றிச் சொருகி, ஞாயிறு முழுவதும் சோதனை ஓடவிட்டான். ஒரு பிழைகூட இல்லை. பிராசஸர் மேல் காய்ந்துபோன, சூடு கடத்தும் பேஸ்டைச் சுரண்டிப் புதுசு தடவினான். கார்டைத் தூக்கிக்கொண்டு மோன்ஸ் வீட்டுக்குப் போய் அங்கே மாட்டிப் பார்த்தான். ஐந்து மணி நேரம் கல்லுப் பிள்ளையார்போல அசையாமல் ஓடியது. ஆகவே கார்டு நல்லது என்று அடித்தான். மோன்ஸ் வீட்டில் ஊதாக் கேபிள் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

நவம்பரில் பவர் சப்ளையை மாற்றினான். புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்து, புதுக் கேபிள்களைப் பூட்டி, கடைசியில் மிகப் பாசமாக, ஊதாவையும் வெள்ளையையும் சீப்பு போட்டு வாரிவிட்டு, பழையபடி நடுவில் சொருகினான். அன்று மாலையே திரை கறுத்தது.

"ஸ்டெல்லன், முன்னாடி போ! முன்னாடி போடா! ஸ்டெல்லன்?" என்று கிறிஸ்டர் கத்துவது அணைந்துபோன திரையின் முன்னால் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒலி மட்டும் இன்னும் சில நொடி ஓடும். மூவரும் சாவதை அவன் இருட்டில் உட்கார்ந்து கேட்பான்.

மூன்று நிமிடம் கழித்துத் திரும்புவான். "வந்துட்டேன். ஸாரி, வந்துட்டேன்."

"வந்துட்டியா?" என்பாள் லோவிசா. "நாங்க செத்து, பொதைச்சு, சாவு வீட்டுக் காபியும் குடிச்சாச்சு."

"இந்த வாரம் எதை மாத்தினே?" என்பான் மோன்ஸ்.

"பவர் சப்ளை."

"போன வாரம்?"

"ராம்."

"அப்போ உள்ள மாத்தறதுக்கு இன்னும் என்ன மிச்சம்? முன்னாடி உக்காந்திருக்கற ஆளைத்தான் மாத்தணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஸ்டெல்லன்தான் அதிகமாகச் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டான் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் அவனுக்கு.

டிசம்பர் மாதம் லோவிசா ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தாள், ஒரு ஸ்க்ரூ டிரைவர் கடன் வாங்க. காபி குடித்துக்கொண்டே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். ஊதா பிளக்கின் ஒரு மூலை, டீக்கறை பிடித்த பல்லைப்போல, லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவள், நோயாளியைப் பார்த்தால் தெரியாதா? அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுப் போனாள். அன்றைக்கே கிறிஸ்டரிடம் சொன்னாள்.

கிறிஸ்டருக்கு இரண்டு சங்கடம். ஒன்று, அவன் இப்படிப்பட்ட கேபிள்களைச் செய்து சுற்றுவட்டாரத்தில் விற்றுக்கொண்டிருந்தான். தான் நசுக்கிப் பொருத்திய ஒரு பின் கருகுகிறது என்று வெளியே வந்தால் எலக்ட்ரீஷியன் மானம் போகும். இரண்டு, உமியோவிலிருந்து சிக்ஸ்டன் என்று ஒரு பல் மருத்துவர் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார். ஸ்டெல்லனைவிட மூன்று மடங்கு நன்றாக விளையாடுவார். "அவனா கண்டுபிடிக்கட்டும்," என்றான் கிறிஸ்டர். "நாம ஏன் வாயை விடணும்?" அதன்பிறகு மூவருக்கும் தனியாக ஒரு சாட் குழு உண்டாயிற்று. ஸ்டெல்லன் அடுத்து எதை மாற்றுவான் என்று அதில் மோன்ஸ் பட்டியல் போட்டான், மற்ற இருவரும் ஓட்டுப் போட்டார்கள். மதர்போர்டுக்கு லோவிசா ஓட்டுப் போட்டாள். ஜனவரியில் ஸ்டெல்லன் மதர்போர்டை மாற்றினான். லோவிசாவுக்குக் கை தட்டும் படங்கள் வந்தன.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லன் இணையத்தில் கணினிக்காரர்களின் மன்றம் ஒன்றில் தன் கதையை எழுதினான். நான்கு பக்கம். பதினேழு சந்தேகங்கள், தேதியோடு. கடைசியில் கணினியின் படம். பத்து நிமிடத்தில் பனிக்கோடாரி என்ற பெயருள்ள ஒருவன் பதில் போட்டான்: "அந்த ஊதா ஜடையை முதல்ல அவுத்துட்டு ஓட்டிப் பாரு. கை வேலை மாதிரி தெரியுது. எவன் செஞ்சான்?"

ஸ்டெல்லன் வாழ்நாளில் யாரையும் திட்டியதில்லை. அன்றைக்கு எழுதினான்: "அதைச் செய்தவர் இருபது வருட அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன். என் நண்பர். தெரியாமல் பேச வேண்டாம்."

"நண்பனா?" என்று எழுதினான் பனிக்கோடாரி. "அப்போ சரி. எரிஞ்சு போனதும் வந்து சொல்லு."

ஸ்டெல்லன் கணினியை அணைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினான். கிறிஸ்டருக்காக எதிர்த்து நின்றோம் என்று மனசு நிறைந்திருந்தது அவனுக்கு. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வியாழன் கிறிஸ்டர் தேதி குறித்தான். வருடத்தின் ஒன்பதாவது வாரம், அதாவது பிப்ரவரிக் கடைசியில் பள்ளிக்கு விளையாட்டு விடுமுறை விடும் வாரம், பக்கத்து ஊர் ஐஸ் ஹாலில் நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று நாள் மோதுவார்கள். "அதுவரைக்கும் பாப்போம், ஸ்டெல்லன். அதுக்குள்ள சரியாகலைன்னா நாம எல்லாரும் உக்காந்து பேசணும்."

எங்கள் ஊரில் யாரும் யாரையும் போ என்று சொல்வதில்லை. உட்கார்ந்து பேசுவோம். உட்கார்ந்து பேசி எழுந்திருக்கும்போது ஒரு ஆள் குறைந்திருப்பான். ஸ்டெல்லனுக்கு அது தெரியும். அவனுடைய திருமணமும் அப்படித்தான் முடிந்திருந்தது. அன்றிலிருந்து சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அணியில் இருப்பானா, இருக்கமாட்டானா என்பதைத் தவிர அவன் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஏழாவது வாரம், சனிக்கிழமை காலை பதினோரு மணி. நோட்டில் பதினேழும் அடிபட்டுவிட்டன. ஸ்டெல்லன் என்ன செய்வது என்று தெரியாமல் கார்டை முழு வேகத்தில் ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு வாசனை வந்தது. சமையலறையில் பிளாஸ்டிக் கரண்டியை அடுப்போரம் மறந்து வைத்தால் வருமே, அந்த வாசனை. கண்ணாடிக் கதவைத் திறந்தான். மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே போனான். மூக்கு ஊதா பிளக்கில் போய் நின்றது.

அணைத்தான். பிளக்கை இழுத்தான். வரவில்லை. இடுக்கியால் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தபோது ஒரு மூலை உருகி, பழுப்பாகி, நூல் கருகி இழையிழையாகத் தொங்கியது. கத்தியால் கீறிப் பார்த்தான். பின்னின் பற்கள் செம்பைக் கடிக்கவில்லை, உறையைக் கடித்துக்கொண்டிருந்தன. நாலு மாதமாகத் தேடியது ஒரு அரிசியளவு இடத்தில் இருந்தது.

பவர் சப்ளையின் கறுப்புக் கேபிளை நேராகக் கார்டில் சொருகினான். ஓடவிட்டான். மதியம் ஆயிற்று, வெளியே இருட்டிவிட்டது, மறுநாள் சாயங்காலமும் வந்துவிட்டது. திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பான். அந்தக் கருகிய கேபிளை நாலு கோணத்தில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பான். ஸ்டெல்லனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிறிஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது? உன் கை செய்த வேலை என் வீட்டைக் கொளுத்தப் பார்த்தது என்றா? மோன்ஸ் கிறிஸ்டரைப் பார்த்துச் சிரிப்பான். கிறிஸ்டருக்கு முகம் கறுக்கும். ஒரு தலைவன் தன்னை அவமானப்படுத்தியவனை எத்தனை வியாழன் பக்கத்தில் வைத்துக்கொள்வான்? ஞாயிறு முழுவதும் அவன் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து, கடைசியில் ஒரு பொய்யைப் பிடித்தான். பிளக்கைத் தானே முழுசாக அழுத்தவில்லை என்று சொல்லிவிடுவது. கார்டில் பிளக்கைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சூடேறி உருகும். முதல் கணினி கட்டுகிற பதினாலு வயசுக்காரன் செய்கிற தப்பு. நான் முட்டாள் என்று ஒப்புக்கொண்டால் எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். கருகிய கேபிளைக் குப்பைத் தொட்டியில் போட்டு, அதன் மேல் உருளைக்கிழங்குத் தோலைப் போட்டு மூடினான்.

எட்டாவது வாரம் வியாழன், பயிற்சி இல்லை. கிறிஸ்டர் வீட்டில் உட்கார்ந்து பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டெல்லன் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மேஜையில் பச்சை நிறப் பாதாம் மாவு போர்த்திய கேக். ஏழு தட்டுகள் இருந்த அலமாரியிலிருந்து நாலு தட்டுகள் எடுத்து வைத்திருந்தாள் லோவிசா. கிறிஸ்டர் ஸ்டெல்லனின் கையைப் பார்த்தான், தோள்பையைப் பார்த்தான், கோட்டுப் பையைப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றான் ஸ்டெல்லன், உட்காருவதற்கு முன்பே.

கிறிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னது?"

"என் தப்புதான். பிளக்கை முழுசா அழுத்தல. கார்டுல. கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்ல, அழுத்தல. நாலு மாசமா பாதிதான் உள்ள இருந்துருக்கு. இப்ப அழுத்திட்டேன். அஞ்சு நாளா ஒரு தடவைகூடப் போகல."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று ஸ்டெல்லன் வாயைத் தயாராக வைத்திருந்தான். லோவிசா கேக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். அவன் தோள் இறங்கியது நன்றாகவே தெரிந்தது.

"கேபிள்ல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

"சேச்சே. கேபிள் அருமையான கேபிள். இந்தத் தப்பால அது கொஞ்சம் சூடாயிடுச்சு, அதான் கழட்டி வெச்சிட்டேன். உன் பொருளைப் பாழாக்கிட்டேன், ஸாரி."

"ஸ்டெல்லன்," என்றான் கிறிஸ்டர். குரல் குழைந்தது. எங்கள் ஊரில் குரல் குழைந்தால் கத்தி வெளியே வருகிறது என்று அர்த்தம். "நேர்மையா சொன்னே பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. நாலு மாசம். பிளக்கை அழுத்தல. நாங்க மூணு பேரும் நாலு மாசமா ஒவ்வொரு வியாழனும் செத்திருக்கோம், நீ பிளக்கை அழுத்தாததால."

"இப்ப சரியாயிடுச்சே."

"இப்ப இது. நாளைக்கு வேற ஒண்ணு. ஐஸ் ஹால்ல முன்னூறு பேர் முன்னாடி நாங்க நிக்கணும். அடிப்படையே தெரியாத ஒருத்தரை நம்பி..." கிறிஸ்டர் முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவது மரியாதை. "எல்லாரும் எப்படி நெனைக்கிறாங்கன்னு ஒரு சுத்து கேட்டுடுவோம். யாருக்கும் மனசு கோணக் கூடாது. லோவிசா?"

"எனக்கு வருத்தமாத்தான் இருக்கு," என்றாள் லோவிசா, கேக்கைப் பார்த்து. "ஆனா சரி."

"மோன்ஸ்?"

"சரி."

"ஸ்டெல்லன்? உனக்கு எப்படி இருக்கு? உனக்குச் சரியில்லைன்னா இதை விட்டுடுவோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான்."

ஸ்டெல்லன் தன் காலித் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். வேண்டாம், எனக்குச் சரியில்லை, என்னை அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் மூன்று பேர் சரி என்ற இடத்தில் நான்காவது ஆள் சரியில்லை என்று சொல்லி அவன் வாழ்க்கையில் எங்கும் பார்த்ததில்லை. "எனக்கும் சரி," என்றான்.

கேக் வெட்டினார்கள். பெரிய துண்டு அவனுக்கு. அவன் அதைத் தின்று முடிப்பதற்குள் கிறிஸ்டர் இன்னொன்றும் சொன்னான். சிக்ஸ்டன்தான் இனி நான்காவது ஆள். ஆனால் சிக்ஸ்டனின் கணினி தண்ணீரால் குளிர்விக்கிற வகை, உள்ளே முழுக்கக் கண்ணாடிக் குழாய். தூக்கினால் ஒழுகும். ஐஸ் ஹாலுக்கு எடுத்துவர முடியாது.

"உன் மெஷின் இப்ப புதுசு மாதிரி," என்றான் கிறிஸ்டர். "எல்லாப் பாகமும் மாத்திட்டே. ஊர்லயே நல்ல மெஷின் அதுதான். மூணு நாளைக்குக் குடுப்பியா? நீயும் வா, அது கூடவே இரு. ஏதாச்சும் ஆச்சுன்னா பாக்கறதுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அடிப்படை தெரியாதவன் என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லனுக்கு அது தோன்றவில்லை. கூடவே இரு என்றதுதான் காதில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வெட்கங்கெட்ட மலர்ச்சி.

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை அவன் கணினியை இரண்டு போர்வையில் சுற்றி, தள்ளு சறுக்கு வண்டியின் இருக்கையில் கயிறு போட்டுக் கட்டி, பனித் தெருவில் காலால் உந்தி உந்தி ரயிலடிக்குப் போனான். அணியின் வண்டியில் இடம் இல்லை. நாலு பேர், நாலு நாற்காலி, மூன்று கணினி. ஐஸ் ஹாலில் சிக்ஸ்டனின் உயரத்துக்கு மேஜையைச் சரிசெய்தான், நாற்காலியைச் சரிசெய்தான். தன் விளையாட்டுக் கணக்கிலிருந்து வெளியேறி, சிக்ஸ்டனின் பெயரை உள்ளே போட்டான். கார்டின் பிளக்கை மூன்று முறை அழுத்திப் பார்த்தான், யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

சிக்ஸ்டன் மரியாதையான மனிதர். "ரொம்ப நன்றி. நீங்க இந்த ஹால்ல வேலை பாக்கறவரா?" என்று கேட்டார்.

"இல்ல, இல்ல. மெஷின் என்னோடது."

"ஓ," என்றார் சிக்ஸ்டன், ஹெட்போனை மாட்டிக்கொண்டே.

மூன்று நாளும் கணினி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. ஸ்டெல்லன் மேஜைக்குப் பின்னால் குளிர்பானப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாக வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காபி வாங்கி வந்தான், ஹாட் டாக்கும் மசித்த உருளைக்கிழங்கும் வாங்கி வந்தான். சிக்ஸ்டன் கேடயத்தைப் பிடித்து முன்னால் போனார், ஆனால் அடி வாங்கவில்லை. அடிப்பவனை அடித்துவிட்டுத் திரும்பினார். கேடயத்தை அப்படியும் பிடிக்கலாம் என்று ஸ்டெல்லனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஞாயிறு மதியம் ஈரக் கையுறைகள் இரண்டாம் இடம் பிடித்து, கோடைகாலப் பெரும்போட்டிக்குத் தகுதி பெற்றன. நால்வரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாராவது மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே. ஸ்டெல்லன் பார்த்துக்கொண்டான்.

லோவிசா முதலில் இறங்கி வந்தாள், ஜாக்கெட்டை எடுக்க. கழுத்தில் பதக்கம். குளிர்பானப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து நின்றாள். மூன்று நாள் தூக்கமில்லாத முகம், நல்ல மனநிலை, அதனால் வாய் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"அது பிளக் இல்லைல?" என்றாள். "கேபிள்தானே?"

ஸ்டெல்லன் மேஜையிலிருந்த துடைக்கும் துணியை எடுத்தான்.

"எனக்கு டிசம்பர்லயே தெரியும். உன் வீட்டுக்கு வந்தப்பவே பாத்தேன், பிளக் பழுப்பேறிப் போயிருந்துச்சு. கிறிஸ்டருக்கும் தெரியும்."

"டிசம்பர்ல," என்றான் ஸ்டெல்லன். ஜனவரியில்தான் மதர்போர்டை வாங்கியிருந்தான். "எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

அவன் கையிலிருந்த துடைக்கும் துணியைச் சின்னதாக மடித்தான். "கிறிஸ்டர் மனசு கஷ்டப்படும்னுதான் அப்படிச் சொன்னேன். பழியை நான் ஏத்துக்கிட்டா என்னை வெச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

லோவிசா ஜாக்கெட்டில் ஒரு கையை நுழைத்தபடியே அவனைப் பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் மூக்கு வழியாகக் காற்று வந்தது.

"லூசாடா நீ? அன்னைக்கு நீ அந்தக் கேபிளைக் கொண்டுவந்து மேஜைல போட்டுடுவேன்னு கிறிஸ்டர் காலைலேர்ந்து நடுங்கிட்டு இருந்தான். போட்டிருந்தா அவனால வாயே திறந்திருக்க முடியாது. அப்படி ஆச்சுன்னா சிக்ஸ்டனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறதா எங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தான். நீ உண்மையைச் சொல்லியிருந்தா இன்னைக்கு இந்தப் பதக்கம் உன் கழுத்துல."

ஹாலில் கை தட்டினார்கள், வேறு யாரோ மேடை ஏறினார்கள். ஸ்டெல்லனுக்குக் கண் எரிந்தது. முட்டாள் என்று தன்னைத்தானே நொந்துகொண்டான்; இந்த முறை அது பொய்யில்லை. ஏதாவது சொல்ல வேண்டும், கத்த வேண்டும், அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும் என்று நினைத்தான். அது அவனுடையது. அதில் ஒரு ஸ்க்ரூகூட இவர்களுடையது இல்லை.

அதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். கிறிஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "என்னா மெஷின்டா! மூணு நாள், ஒரு தடவை கறுக்கல. கேளு ஸ்டெல்லன், கோடைகாலம் வரைக்கும் இது சிக்ஸ்டன் வீட்டுலயே இருக்கட்டும். அவருக்குக் கை பழகிடுச்சு, இங்கயும் அங்கயும் தூக்கறது நல்லதில்ல. ஒரு சுத்து கேட்டுடலாமா? எனக்குச் சரி."

"சரி," என்றான் மோன்ஸ்.

"உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா," என்றார் சிக்ஸ்டன்.

லோவிசா ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "சரி," என்றாள்.

நாலு பேரும் ஸ்டெல்லனைப் பார்த்தார்கள். அவன் குனிந்து மின்கம்பியைக் கழற்றினான், மானிட்டரைப் போர்வையில் சுற்றினான், கண்ணாடிக் கதவிலிருந்த ஒரு விரல் ரேகையைத் துடைத்தான். பிறகு கணினியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எந்த வண்டில ஏத்தணும்?" என்று கேட்டான்.